செயலாளர் அறிக்கை: நாலு குரலும் ஒரு பிஸ்கட் டின்னும்

தலைவர் அவர்களே, போசகர்களே, அன்பான அங்கத்தவர்களே, வணக்கம்.

இந்த வருடம் பாடகர் குழுவின் பழைய கதையையும் சேர்த்துச் சொல்லும்படி செயற்குழு கேட்டிருந்தது. நடந்த நிகழ்ச்சிகள் எல்லோருக்கும் தெரியும், கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே நேரே கதைக்கு வருகிறேன்.

1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி மட்டக்களப்புக்கு வந்தார். ஒரு வருடம் ஆகுமுன்னரே இங்கேயே இறந்தும் போனார். மிஷன் மட்டும் நிலைத்துவிட்டது. மெதடிஸ்தருக்குப் பாட்டில்லாமல் ஆராதனை இல்லை. கத்தோலிக்கப் பக்கத்தில் லத்தீன் பாட்டு. 1963இல் கத்தோலிக்க ஆயர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழிவிட்ட பிறகுதான் அங்கே தமிழ் முழுதாக ஏறியது. எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவர் லத்தீன் பாட்டை இன்றைக்கும் ஓரெழுத்துப் பிசகாமல் பாடுவார். பொருள் கேட்டால் சிரிப்பார்.

இரண்டு பக்கத்தாரும் ஒன்றாய் நிற்பதுதான் எங்கள் குழு. சண்டையும் அதிலேதான். கீர்த்தனை என்றால் எல்லோரும் ஒரே குரலில் உருகலாம். வெள்ளைக்கார மெட்டில் வந்த ஞானப்பாட்டுக்கு நாலு குரல் வேண்டும்: பெண்களுக்கு சொப்ரானோ, ஆல்ட்டோ, ஆண்களுக்கு டெனர், பேஸ். அந்த மெட்டோ தமிழின் குறில் நெடில் பார்க்காது. ‘பலம் தாரும்’ என்பதை இழுத்து ‘பாலம் தாரும்’ என்று பாடிக்கொண்டிருந்தோம். கல்லடியில் பழையதும் புதியதுமாக இரண்டு பாலம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று எங்கள் பாட்டு மாஸ்டர் கேட்ட பிறகுதான் உறைத்தது.

பாலம் என்றதும் அதன் கீழே உள்ள வாவியும் நினைவுக்கு வருகிறது. 1848இல் இங்கு வந்த பிரித்தானிய ஆட்சி அதிகாரி எமர்சன் டெனன்ட், வாவியின் பாடும் மீன் ஓசையில் மிக இனிய மேற்குரலும் ஆழ்ந்த கீழ்க்குரலும் கலந்து கேட்டதாக எழுதிவைத்திருக்கிறார். நாங்கள் ஒத்திகைக்கு வருமுன்னரே வாவியில் நாலு குரல் இருந்திருக்கிறது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியில் எங்கள் பாட்டுக்கொப்பிகள் போய்விட்டன. தப்பியது ஒன்று. பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருந்த சொல்பா கொப்பி, அதாவது மெட்டைத் தோ, ரே, மி என்று எழுத்தால் குறித்த கொப்பி. அதற்குள்ளும் தண்ணீர் புகுந்து, நத்தார்ப் பாட்டு ஒன்றில் டெனர் வரி மட்டும் நீல மையாய்ப் படர்ந்து அழிந்திருந்தது. அன்று தொடக்கம் அந்தப் பாட்டுக்கு டெனர்காரர்கள் பெண்களின் வரியையே கீழே பாடிச் சமாளித்தார்கள். பிறகு யுத்தம், ஊரடங்கு, 2004 சுனாமி, 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு. அந்த ஞாயிறுக்குப் பிறகு பல கிழமை எங்களில் யாருக்கும் வாய் திறக்க மனம் வரவில்லை. இதற்கு மேல் அதை எழுத எனக்கு முடியவில்லை.

சொல்பா வாசிக்கத் தெரிந்தவர் எங்களில் ஒருவர்தான் மிச்சம். அதனால் இந்த வருடம் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு வைத்தோம். ஆறு மாதம் எடுக்கும் என்று பயந்தேன். பாடசாலையில் கர்நாடக சங்கீதம் படிக்கும் பிள்ளைகள் இரண்டாவது சனிக்கிழமையே பிடித்துக்கொண்டார்கள். சொல்பாவில் ‘தோ’ எந்தச் சுருதியிலும் நிற்கும், எங்கள் ஸட்ஜம் போலவே. “இது ஸ ரி க ம தானே சேர்!” என்றாள் ஒரு பிள்ளை.

அதே பிள்ளைகள்தான் அழிந்த வரியைக் கையில் எடுத்தார்கள். பேஸ் ‘தோ’வில் நிற்கிறது, ஆல்ட்டோ ‘மி’, மேலே சொப்ரானோ மறுபடி ‘தோ’. அப்படியென்றால் டெனருக்கு விடுபட்டது ‘சோ’வாகத்தான் இருக்கும். இப்படி ஒவ்வொரு தட்டாகப் பார்த்து முழுவதையும் பென்சிலால் எழுதி முடித்தார்கள். மூத்த டெனரிடம் பாடிக்காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டவர், கடைசி அடியில் மட்டும் கையை உயர்த்தி, “அங்கே கீழே இறங்குவோம் தம்பி,” என்றார். இறங்கினால் கேட்க நன்றாய் இருக்கிறது. ஆனால் பேஸோடு லேசாக மோதுகிறது. பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஐயாவும் விடுவதாயில்லை.

எதை மையால் எழுதுவது என்பதை இன்று தேநீருக்குப் பிறகு இரண்டு விதமாகவும் பாடிப் பார்த்து முடிவெடுப்போம். டெனர்காரர்கள் தயவுசெய்து முன்வரிசைக்கு வரவும்.