ரயில் வந்த பிறகும் கோவேறு கழுதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த பர்மா வணிகக் கட்டுரையை மாந்தலேயிலிருந்து இணையத்தில் படித்தேன். செட்டியார் கிட்டங்கி, ஐராவதி நீராவிப் படகு எல்லாம் சரி. ஆனால் ரயில் வந்ததும் பொதி விலங்குகளுக்கு வேலை போய்விட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மாந்தலேக்கு வடகிழக்கே உள்ள லாஷியோவுக்கு ரயில் வந்தது 1903-ல். சால்வீன் ஆற்றின் கரையில் குன்லோங் வரை கொண்டுபோகத்தான் முதலில் திட்டம், அது லாஷியோவோடு நின்றுபோனது. அதற்கு அப்பால் சீனாவின் யுன்னான் வரை மலைதான், பஞ்சும் நூலும் துணியும் அந்தப் பக்கம் போனதும் பட்டு இந்தப் பக்கம் வந்ததும் கோவேறு கழுதை முதுகில்தான். 1938-ல் லாஷியோவையும் யுன்னானையும் இணைக்கும் பர்மா ரோடு முடிந்து லாரி ஓடும்வரை இதே கதை. அப்புறம், நீங்கள் போட்ட படத்தில் இருப்பவை குதிரைகள் இல்லை, காதைப் பாருங்கள்.

இந்தப் பொதிகளை ஓட்டியவர்களில் பெரும்பங்கு பந்தேக்கள், அதாவது யுன்னான் முஸ்லிம்கள். மழை விட்டதும் ஐப்பசி, கார்த்திகை வாக்கில் கிளம்பி அடுத்த மழைக்குள் ஊர் திரும்பிவிடுவார்கள், இடையில் மாட்டிக்கொண்டால் சேறும் மலைக்காய்ச்சலும்தான். அவர்கள் பொதி கட்டும் முறையே தனி. சரக்கை நேராக விலங்கின் முதுகில் கட்டுவதில்லை. ஒரு மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் எடை சமமாகக் கட்டி, சேணத்தின் மேல் அப்படியே தூக்கி வைப்பார்கள். இரவு தங்கும் இடத்தில் இரண்டு பேர் சட்டத்தோடு தூக்கி இறக்கிவிடலாம், விடிந்ததும் திரும்ப ஏற்றலாம், ஒரு முடிச்சையும் அவிழ்க்க வேண்டாம். மிளகுப் பொதி சுமந்து முதுகில் வடு விழுந்த கழுதைகளைப் பெரும்பாணாற்றுப்படையிலேயே பார்த்தவர்கள் நாம், சுமை சமமாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லவா வேண்டும்?

லாரி வந்த பிறகாவது ஓய்வு கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. 1944-ல், இரண்டாம் உலகப்போரில், ஜப்பானியரின் பின்புறம் காட்டுக்குள் புகுந்து போரிட்ட பிரிட்டிஷாரின் சிந்திட் படையோடு 1,000-க்கும் மேற்பட்ட கோவேறு கழுதைகளை விமானத்தில் ஏற்றிக் காட்டுக்குள் இறக்கினார்கள். கத்தினால் ஜப்பானியருக்குக் கேட்டுவிடும் என்று பலவற்றின் குரல்நாண்களை முன்பே அறுத்துவிட்டார்கள். சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத பிராணிகள், பாவம்.

பர்மிய மன்னர் மிண்டோன் காலத்தில் எழுந்த பந்தே பள்ளிவாசல் இன்றும் மாந்தலேயில் இருக்கிறது. தொடரின் அடுத்த பகுதிக்கு உங்கள் நிருபர் இங்கே வந்தால் அங்கும் ஒரு நடை போய்ப் பெரியவர்களிடம் பேசிவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
மாந்தலே வாசகர் ஒருவர்