தாளில் எழுதித் தாருங்கள்: ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மறைமாவட்டங்களின் ஆயர் பெருமக்களுக்கு, சிற்றூர்க் கத்தோலிக்கக் கோயில் பங்கு ஒன்றில் பணியாற்றும் துறவறச் சகோதரியின் வணக்கம். எங்கள் பணிக்கு எழுத்தில் ஓர் உடன்படிக்கை கேட்டு இதை எழுதுகிறேன்.

எங்கள் மடத்தில் நாலரைக்கு மணி அடிக்கும். தியானம், திருப்புகழ்மாலை, ஆறு மணித் திருப்பலி. அதன்பின் நால்வரும் நாலு வேலைக்குப் பிரிவோம். இந்த வாழ்க்கையை நான் விரும்பித்தான் கேட்டுப் பெற்றேன், இன்றும் விரும்புகிறேன்.

எங்களில் மூத்தவருக்கு 71 வயது. சனிக்கிழமை மாலைகளில் திருப்பலிப் பொருள்கள் வைக்கும் திருப்பண்ட அறையில் நின்றபடியே குருவின் வெள்ளை அங்கியைத் தேய்ப்பார். ஓரத்தில் ஒரு சுருக்கம் மிஞ்சினாலும் மறுபடி தண்ணீர் தெளிப்பார். "பீடத்துக்குப் போகிற துணி, பிள்ளை" என்பார். போன ஆண்டு அவருடைய முழங்காலுக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. செலவு எங்கள் துறவற சபையைச் சேர்ந்தது என்றது பங்கு. ஒன்பது ஆண்டுகள் உழைத்தது பங்கில்தானே என்றது சபை. இரண்டு பக்கமும் காட்டுவதற்கு ஒரு தாள் இல்லை. ஐந்து மாதம் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

பங்கு தரும் மாதாந்திரத் தொகையும் அப்படித்தான். திருவிழா மாதத்தில் வரும், மழைக்காலத்தில் வராது. பங்குத்தந்தை மாறினால் தொகையும் மாறும். கேட்கப் போனால், "ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள்தானே சிஸ்டர்?" என்கிறார்கள். ஆண்டகையரே, எனக்கென்று ஒரு பைசா வைத்துக்கொள்ள மாட்டேன் என்பதுதான் நான் கொடுத்த வார்த்தைப்பாடு. அரிசிக்கடைக்காரர் அந்த வார்த்தைப்பாட்டைக் கொடுக்கவில்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் கற்பிக்கும் எங்கள் சகோதரியின் ஒரே சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அப்படிப்பட்ட சம்பளத்திலும் வருமான வரி பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசின் கண்ணில் நாங்கள் உழைத்துச் சம்பாதிப்பவர்கள். பங்கின் கணக்கேட்டில் எங்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

புதிதாக எதையும் நான் கேட்கவில்லை. 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 681ஆம் சட்டத்தின் இரண்டாம் பிரிவைப் பாருங்கள். ஒரு பணியைத் துறவற சபையிடம் ஒப்படைக்கும்போது ஆயரும் சபைத் தலைவியும் எழுத்தில் உடன்படிக்கை செய்ய வேண்டும். என்ன வேலை, யார் செய்வது, பணம் எப்படி என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் பங்குக்கு அப்படியொரு தாள் இருப்பதாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

கோடையில் மாற்றல் உத்தரவுகள் போடுவீர்கள். அதற்கு முன் ஒவ்வொரு மடத்துக்கும் அந்த உடன்படிக்கையை எழுதித் தாருங்கள். மாதத் தொகை, மருத்துவச் செலவு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு ஆகியவை அதில் இருக்கட்டும். புதிய பங்குத்தந்தை பொறுப்பேற்கும் ஞாயிறன்று பங்குப் பேரவையில் அதை வாசிக்கச் சொல்லுங்கள். மூத்த சகோதரி தேய்த்துக்கொண்டுதான் இருப்பார். அதை யாரும் தடுக்க முடியாது. அவர் உட்கார்ந்து தேய்க்க ஒரு நாற்காலியையும் அந்தத் தாளில் சேர்த்துவிடுங்கள்.

இயேசுவில்,
பங்குச் சகோதரி ஒருவர்