பதினெட்டு வயது ‘மூப்பர்’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மோர்மன் எனப்படும் கிறிஸ்தவ சபையின் மதம் பரப்பும் ஊழியக்காரர்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்து, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப் பட்டையுடன் இருவர் இருவராக வீடு வீடாகச் செல்லும் இந்த இளைஞர்களைக் கட்டுரையாளர் ‘சம்பளத்துக்கு அனுப்பப்படும் பாதிரியார்கள்’ என்று எழுதியிருக்கிறார். யூட்டா மாநிலத்தின் லீஹை நகரில் 11 ஆண்டுகளாக இச்சபையாரின் நடுவே குடியிருப்பவன் நான். அச்சபையைச் சேர்ந்தவன் அல்லன். சேரும் எண்ணமும் இல்லை. ஆயினும், அந்த ஒரு தொடரில் இரண்டு தவறுகள் இருப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலாவது, சம்பளம். அவர்களுக்குச் சபை சம்பளம் தருவதில்லை. அவர்கள்தாம் சபைக்குப் பணம் கட்டுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து செல்லும் பையன், செலவு மிகுந்த நாட்டுக்குப் போனாலும் மலிவான நாட்டுக்குப் போனாலும், மாதம் 500 டாலர் செலுத்த வேண்டும். 2020ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை இது 400 டாலராக இருந்தது. ஆண்களுக்கு ஊழியக் காலம் 24 மாதங்கள் என்பதால் மொத்தம் 12,000 டாலர் ஆகிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் இதற்காக உயர்நிலைப் பள்ளியில் படித்த காலம் முழுவதும் கோடையில் புல் வெட்டியும் குளிர்காலத்தில் பனி அள்ளியும் பணம் சேர்த்தான். எங்கள் வீட்டு வாசல் பனிக்கு அவன் வாங்கியது 15 டாலர். ஒருமுறை கூடுதலாகக் கொடுக்க முயன்றபோது வாங்க மறுத்துவிட்டான். இரண்டாவது, இவர்கள் பாதிரியார்கள் அல்லர். இறையியல் கல்லூரி எதிலும் படிப்பதில்லை. 2012இல் ஆண்களுக்கான குறைந்தபட்ச வயது 19இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்ட பிறகு, பள்ளிப் படிப்பை முடித்த கையோடு கிளம்புகிறார்கள். மீசை சரியாக முளைக்காத பிள்ளையை ஊரே ஊழியக்காரருக்குரிய பட்டத்தால் ‘மூப்பர்’ (Elder) என்று அழைப்பது முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. (சபையார் இப்போது ‘மோர்மன்’ என்ற பெயரை விரும்புவதில்லை, ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்ற முழுப் பெயரையே சொல்ல வேண்டும் என்று அவர்களுடைய அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 2018இல் கேட்டுக்கொண்டார்.)

கட்டுரையில் ஞானஸ்நானக் கணக்கு இருக்கிறது, சபையின் சொத்துக் கணக்கு இருக்கிறது. 70,000க்கும் மேற்பட்ட இந்த இளைஞர்களுள் ஒருவன் வேற்று நாட்டில் இறங்கிய முதல் சில நாள்களை எப்படிக் கழிக்கிறான் என்பது மட்டும் இல்லை. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

எந்த நாட்டுக்குப் போவது என்பதை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. முன்பு தபாலில் வந்த அழைப்பு இப்போது இணையவழி வருகிறது. அதைத் திறக்கும் மாலையில் உறவும் அண்டை அயலும் கூடியிருக்க, சுவரில் மாட்டிய உலகப் படத்தில் ஆளுக்கொரு ஊசி குத்தி ஊகம் சொல்வார்கள். 1993 முதல் பெங்களூரில் இச்சபைக்கு ஊழிய மையம் இருப்பதைக் கேள்விப்பட்டிருந்த என் மனைவி, ஆசையோடு அங்கே குத்தினார். பக்கத்து வீட்டுப் பையனுக்கு வந்ததோ ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்கைடோ. மொழி கற்பதற்காக அவன் 9 வாரம் தங்கிய புரோவோ நகரப் பயிற்சி மையம் எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத் தொலைவுதான்; இருந்தும் பெற்றோர் போய்ப் பார்க்க வழியில்லை. ஜனவரி மாதம் அங்கிருந்தே அவன் விமானம் ஏறினான்.

ஊழியக்காரர்கள் வாரந்தோறும் வீட்டுக்கு எழுதும் மின்னஞ்சலை அண்டை வீட்டாருக்கும் அனுப்பும் வழக்கம் இங்கே உண்டு. அவனுடைய முதல் கடிதத்தில் இறைப்பணியைப் பற்றி இரண்டே வரிகள் இருந்தன. மீதியெல்லாம் கால் பூட்ஸைப் பற்றியது. ஜப்பானிய வீட்டுக்குள் காலணியோடு ஏறக்கூடாது. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுப் பழகிய நமக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆனால், பனிக்காக வாங்கிய எட்டுத் துளை நாடா பூட்ஸை விறைத்த விரல்களால் அவன் அவிழ்த்து முடிப்பதற்குள், உள்ளே வரச் சொன்ன மூதாட்டி குளிரில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்ததாம். அந்த வெட்கத்தை அவன் நான்கு பத்திகளில் எழுதியிருந்தான்.

அதைவிட மொழி அவனைப் படுத்திய பாடு பெரிது. ‘கெக்கோ’ என்ற சொல்லுக்கு ‘நன்று’ என்று பொருள் படித்துக்கொண்டு போயிருந்தான். முதல் வாரத்தில் ஒரு பெண்மணி கதவைத் திறந்து, இவர்கள் பேசத் தொடங்கியதும், ‘கெக்கோ தெஸ்’ என்று புன்னகையோடு சொல்ல, அவர் சம்மதித்துவிட்டார் என்று மகிழ்ந்து இவனும் சிரித்தபடி அங்கேயே நின்றிருக்கிறான். வேண்டாம் என்பதை நயமாகச் சொல்லவும் அதே சொல்தான் என்பது, கதவு சாத்தப்பட்ட பிறகு உடனிருந்த மூத்த தோழன் சொல்லித்தான் தெரிந்தது. நம் வீட்டில் விருந்தாளி ‘இருக்கட்டும்’ என்றால் இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கலாமா கூடாதா என்பதை, தமிழை ஒன்பது வாரம் படித்த ஒருவன் எப்படி அறிவான்?

தேநீர் இன்னொரு சிக்கல். 1833இல் வகுத்த விதிப்படி இச்சபையார் தேநீரும் காப்பியும் அருந்துவதில்லை. பச்சைத் தேநீருக்கும் விலக்கு இல்லை. எந்த வீட்டில் உட்கார்ந்தாலும் முதலில் ஒரு கிண்ணம் தேநீர் வைக்கும் நாட்டில், இரக்கப்பட்டு உள்ளே அழைத்த ஒருவரின் உபசாரத்தை மறுப்பதே அவனது முதல் செயலாக அமைகிறது. வாற்கோதுமையை வறுத்துக் காய்ச்சும் பானத்துக்குத் தடை இல்லை என்பதால், அதைக் கேட்டு வாங்கும் வாக்கியத்தைத்தான் அவன் எல்லாவற்றுக்கும் முன்பாகப் பிழையின்றிக் கற்றானாம்.

ஜப்பானில் இந்தத் திண்டாட்டம் அவனோடு தொடங்கியதும் அல்ல. 1901 ஆகஸ்ட் 12 அன்று யோகோஹாமாவில் கரையிறங்கிய முதல் நால்வருள் ஆல்மா டெய்லருக்கு வயது 19. அங்கே ஒரு விடுதி, அவர்கள் மோர்மன்கள் என்று அறிந்ததும் இடம் தர மறுத்தது. தலைமை தாங்கி வந்த ஹீபர் கிரான்ட், பின்னாளில் சபையின் தலைவராகவே ஆனவர், மொழி பிடிபடாமல் 1903இல் ஊர் திரும்பினார். டெய்லரோ எட்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கி, தம் சபையின் மறைநூலை ஜப்பானிய மொழியில் பெயர்த்து 1909இல் வெளியிட்டார். இத்தனைக்கும் பிறகு சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. 1924இல் அந்த ஊழியமே மூடப்பட்டு 1948இல்தான் மீண்டும் திறந்தது. ஞானஸ்நான எண்ணிக்கையால் மட்டும் அளப்பதென்றால், டெய்லரின் இளமை வீண் என்று எழுதிவிட்டுப் போகலாம். என்னால் அப்படி எழுத முடியவில்லை.

இதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. முதல் 12 வாரம் தோழனே பயிற்றுநர். காலை ஆறரை மணிக்கு எழுவது முதல் இரவு உறங்குவது வரை அவனை விட்டுப் பிரியக்கூடாது. இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் அழக்கூடத் தனியிடம் இல்லை. 2019 பிப்ரவரி வரை, கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என ஆண்டுக்கு இரண்டே நாள்கள்தாம் தாயின் குரலைக் கேட்க முடிந்தது; இப்போது வாரம் ஒருமுறை பேசலாம். இதைச் சபை இன்னும் முன்பே செய்திருக்க வேண்டும். ஹொக்கைடோவின் திங்கட்கிழமைக் காலை ஒன்பது மணி எங்களுக்கு ஞாயிறு மாலை ஐந்து மணி. ஒருநாள் ஏதோ பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போன நானும் அந்த அழைப்பின்போது இருந்தேன். தாய் கேட்டதற்கெல்லாம் ‘நன்றாக இருக்கிறேன்’ என்றே சொன்னவன், தம்பி கைப்பேசியை வாங்கியதும், ‘நேற்று ஏழு மணி நேரம் நடந்தோம், ஒருவரும் பேசவில்லை’ என்றான்.

எங்கள் தெருவிலேயே வேறொரு வீட்டுப் பையன் நான்காம் மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். அவனை யாரும் ஏசவில்லை. ஆனால், வழியனுப்ப அறுபது பேர் கூடிய அந்த வீட்டுக்கு, அவன் வந்த வாரத்தில் யாரும் போகவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல்தான் போகவில்லை என்று பின்னர் ஒருவர் என்னிடம் சொன்னார், நானும் போகவில்லை. கதவு சாத்தும் அந்நியரைக் காட்டிலும் இந்த மௌனத்துக்கு அஞ்சித்தான் பலர் அந்த முதல் வாரங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

மதமாற்றம் குறித்துக் கட்டுரையாளர் எழுப்பியுள்ள கேள்விகளில் எனக்கும் உடன்பாடு உண்டு. அவற்றை அந்தச் சபையின் தலைமையிடம் கேட்பதே பொருத்தம். கட்டுரை அடுத்த வாரமும் தொடரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன் ‘சம்பளம்’, ‘பாதிரியார்கள்’ என்ற இரண்டு சொற்களையும் திருத்தி வெளியிடுமாறும், ஊழியம் முடித்து வந்தவர், பாதியில் திரும்பியவர் இருவரிடமும் கட்டுரையாளர் நேரில் பேச வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
லீஹை, யூட்டா மாநிலம்