உன் வீரனின் இடது கை

மாப்ள,

இங்கே எல்லாரும் சவுக்கியம். நோம்பிக்கு அம்மா தாட்டிவிட்ட கச்சாயம் வந்தது. வாத்தியார் பங்கை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன், நீ நம்பமாட்டாய்.

உன் தொடர்கதையின் ஏழாம் அத்தியாயத்தைப் படித்ததிலிருந்து ஒரே வெசனம். ஓடாநிலைச் சண்டையில் உன் வீரன் தல்வாரை, அந்த வளைந்த வாளை, பத்துக் கிலோ என்று சொல்லி இரண்டு கையாலும் இறுக்கித் தலைக்குமேல் ஓங்குகிறான். முடியாது மாப்ள. தல்வார் கிட்டத்தட்ட ஒரு கிலோதான் இருக்கும். ஜெர்மானியர்களின் பெரிய இருகை வாள்களே பெரும்பாலும் மூன்றரைக் கிலோவைத் தாண்டாது.

எடை போகட்டும், பிடியைப் பார். தல்வார் பிடியில் ஒரு கை அடங்குவதே நெருக்கம். அடியில் வட்டத்தட்டு வேறு. இன்னொரு கைக்கு எங்கே இடம்? அந்தத் தட்டு மணிக்கட்டில் முட்டி, அதை இஷ்டத்துக்கு மடங்கவிடாது. அதனால் வெட்டு தோளிலிருந்து கிளம்பவேண்டும். பட்டதும் கருக்கருவாளால் சோளத்தட்டு அறுப்பதுபோல இழுக்கவேண்டும். மணிக்கட்டைச் சுழற்றி வீசினால் தட்டு கையைக் கடிக்கும், வெட்டும் ஆழமாக இறங்காது.

இருகைப் பிடிக்குப் பிடியே நீளமாக வேண்டும். ஜப்பானியக் கட்டானா வாளில் அது சுமார் 25 சென்டிமீட்டர். வலது கை, அலகுக்கும் பிடிக்கும் நடுவில் இருக்கும் காப்புத்தட்டை ஒட்டி, இடது கை கடைசியில், நடுவில் இடைவெளி. இடது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான் இறுக்கிப் பிடிக்கும்; ஆள்காட்டி விரல் தளர்ந்தே இருக்கும். இடது கை இழுக்க, வலது கை தள்ள, நுனி பாயும். கதைகளில் வருவதுபோல இரண்டு கையையும் ஒட்டிவைத்தால் அந்த நெம்பு போய்விடும், வீசிய வாளைப் பாதியில் நிறுத்தவும் முடியாது.

இரண்டு கை என்றாலே பலம் என்று எழுதியிருக்கிறாய். பலம் கூடும், சரி. ஆனால் இரண்டு தோளும் எதிரியைப் பார்த்துத் திரும்புவதால் எட்டும் தூரம் குறையும். ஒற்றைக் கைக்காரன் பக்கவாட்டில் நின்று தோளை நீட்டினால் அதே நீள வாளால் முதலில் தொட்டுவிடுவான். அவனுடைய இடது கையில் கேடயம் இருக்கும், குதிரைமேல் என்றால் கடிவாளம் இருக்கும். கும்பினிக் குதிரைப்படையின் வளைந்த வாளும் ஒற்றைக் கைக்குத்தான்.

நம் பக்கத்து நடுகற்களை நின்று பார். வலது கையில் வாள், இடது கையில் வில்லோ கேடயமோ. செத்தவனை ஊர் அப்படித்தான் கல்லில் நிறுத்தியது. அவன் பேரைச் சொல்லிக் கதை எழுதும்போது அந்தக் கையைப் பிடுங்கி வாள்பிடியில் ஒட்டவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இருகை வெட்டு வேண்டுமென்றே நீ அடம்பிடித்தால், ஒரு வடக்கத்தி வீரனைக் கொண்டுவந்து அவன் கையில் கண்டா கொடு. அது நேர்வாள். பிடிக்கு அடியில் ஒரு முளை நீண்டிருக்கும். ஓங்கி வெட்டும்போது இடது கை அதைப் பற்றிக்கொள்ளும்.

நம்மவனுக்குக் கேடயம் கொடு. அச்சுக்குப் போகுமுன் திருத்தியதை எனக்கு ஒருக்கா தாட்டிவிடு.

உன்,
பங்காளி