ஒற்றை வைப்பர் காருக்குக் கை கொடுத்தவர்களுக்கு

காவேரிப்பட்டணம்
நவம்பர் 2025

அன்புள்ள எல்லோருக்கும்,

அப்பாவின் பென்ஸ் போன மாதம் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தது. அதை விற்ற பணம், தர்மபுரி பக்கத்தில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் இருக்கும் இல்லத்தின் வாசலில் ஒரு வேனாக நிற்கிறது. காரைத் தானமாகக் கொடுப்பது ஒருநாள் வேலை என்று நினைத்துத்தான் இறங்கினேன். ஐந்து மாதம் ஆகிவிட்டது. போனில் நன்றி சொன்னால், “அட, இதுக்கெல்லாமா” என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

வண்டியைப் பார்க்காதவர்களுக்காக: 1996 மாடல், இ 250 டீசல், ஐந்து சிலிண்டர். புனேயில் பென்ஸ் தயாரிக்க ஆரம்பித்த மறு வருடத்து வண்டி. கிரானைட் ஏற்றுமதிக்காரர் ஒருவர் புதிதாக வாங்கியது. 2004-இல், கிருஷ்ணகிரி தனி மாவட்டமான வருடம், எங்கள் மாங்காய் மண்டி வாசலுக்கு வந்தது. இந்த ஊருக்கு டிஎன் 24 வந்த பிறகும் அதன் நம்பர் டிஎன் 29தான். “மாவட்டம் பிரிஞ்சாலும் வண்டி தர்மபுரிதான்” என்பார் அப்பா. முன்கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். மூலைக்குப் போகும்போது கையை எட்டி நீட்டும், நடுவில் வந்ததும் உள்ளிழுத்துக்கொள்ளும், அடுத்த மூலைக்கு மறுபடி நீட்டும். பள்ளிக்கூட நாட்களில் மழை வந்தால் அதைப் பார்க்கவே நானும் அக்காவும் முன் சீட்டுக்குச் சண்டை போடுவோம்.

அப்பா 2023-இல் போனதிலிருந்து வண்டி ஷெட்டில் கிடந்தது. காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து, கதவைக்கூடத் திறந்து பார்க்காமல் கிலோ கணக்கில் விலை சொன்னார். அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா பையன்தான், அங்கே பழைய காரை ஏதாவது அறக்கட்டளைக்குக் கொடுத்துவிடுவார்கள், அவர்களே வந்து எடுத்துப் போவார்கள், வரிக் கழிவும் உண்டு என்றான். எனக்கு அது பிடித்துப்போயிற்று.

முதல் நன்றி இல்லத்தின் செயலாளர் அம்மாவுக்கு. சாவியோடு போய் நின்ற என்னை உட்காரவைத்து மோர் கொடுத்து, “தம்பி, இதுக்கு ஒரு ஹெட்லைட் மாத்தற காசுல எங்க புள்ளைங்களுக்கு மாச மளிகை வாங்கிருவேன். வித்துட்டுப் பணமா குடுங்க” என்றார். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. நான் மனதில் வைத்திருந்தது குழந்தைகள் பென்ஸில் ஏறிப் போகும் படம். அது என் ஆசை, அவர்கள் தேவை இல்லை என்று புரிய இரண்டு நாள் பிடித்தது.

ஆடிட்டர் சாரும் அதையேதான் சொன்னார். நம் ஊரில் நன்கொடைக்கான வரிக் கழிவுப் பிரிவான 80ஜி-யில் பொருளாகக் கொடுத்தால் கழிவு கிடையாது, பணமாகத்தான் கொடுக்க வேண்டும், அதிலும் ரொக்கமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. அமெரிக்காவிலும் 500 டாலருக்கு மேல் என்றால், பெரும்பாலும் அறக்கட்டளை காரை விற்ற தொகையைத்தான் கழிவாகக் காட்ட முடியுமாம். “நீயே வித்து, பேங்க் வழியா அனுப்பு. சொந்த உபயோகக் கார், லாபத்துக்கு வரியும் இல்ல” என்று எல்லாம் விளக்கிவிட்டு, கடைசியில், “ஆனா நீ புது வரி முறையில இருக்கே, உனக்கு 80ஜி-யே கிடையாது” என்று சிரித்தார். ஃபீஸும் வாங்கவில்லை.

விற்க வேண்டுமானால் வண்டி முதலில் ஓட வேண்டுமே! ராயக்கோட்டை ரோடு மெக்கானிக் அண்ணா, உங்களுக்கு என்ன சொல்ல? ஏர் கிளீனரைத் திறந்ததும் உள்ளே எலிக்கூடு, காய்ந்த மாவிலையும் சீட்டுப் பஞ்சும் வைத்துக் கட்டியது. “மண்டிக்காரர் வீட்டு எலி வேற எதுல கட்டும்” என்றீர்கள். டீசல் எஞ்சினைச் சூடாக்கிக் கிளப்பும் ஹீட்டர் பிளக் ஐந்தில் மூன்று செத்திருந்தன. பழைய டீசலை வடித்து, ஒயரை ஒட்டுப்போட்டு, நான்காவது ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் செய்தபோது தெருவே புகை. பெரியவர்களெல்லாம் இருமிக்கொண்டே நின்று பார்த்தார்கள். பிளக்குக்கும் பேட்டரிக்கும் மட்டும்தான் பில் போட்டீர்கள்.

அப்புறம் காகிதம். ஆர்.சி. அப்பா பெயரில் இருந்ததால் முதலில் என் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. மூன்று மாதத்துக்குள் போயிருக்க வேண்டியது, நாங்கள் போனது இரண்டு வருடம் கழித்து. வாரிசுச் சான்றுக்கு விசாரணைக்கு வந்த விஏஓ அம்மா, எங்கள் அம்மாவால் படியேற முடியாது என்று தெரிந்து வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டார். அக்கா ஓசூரிலிருந்து இரண்டு முறை வந்து கையெழுத்துப் போட்டாள். பங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, வாங்குபவர் பெயருக்கு மாற்றுவதற்கான படிவம் 29, 30 எல்லாவற்றையும் டிரைவிங் ஸ்கூல் அண்ணன் பார்த்துக்கொண்டார். அவர் சொன்ன ஒன்றை மட்டும் எல்லோருக்கும் சொல்லிவைக்கிறேன். பெயர் மாறாமல் வண்டியைக் கொடுத்து, அது எங்காவது இடித்தால் வழக்கு ஆர்.சி.யில் பெயர் இருப்பவர் தலையில்தான் விடியும். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

வாங்கியவர் பழைய கார் பைத்தியம். (அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்.) அடுத்த வருடம் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் என்று தெரிந்தும், பணம் எங்கே போகிறது என்று கேட்டதும் பேரத்தை நிறுத்திவிட்டு 2,85,000 ரூபாய் அனுப்பினார். அதோடு இல்லத்தார் கொஞ்சம் சேர்த்து, பழைய மாருதி ஈகோ ஒன்றை வாங்கிவிட்டார்கள். குழந்தைகளைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போக இனி ஆட்டோவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

போன வாரம் அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். வேனைச் சுற்றி வந்து முன்னால் நின்று, “இதுக்கு ரெண்டு வைப்பர் இருக்குடா” என்றார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த பையன், “எல்லா வண்டிக்கும் ரெண்டுதான் பாட்டி” என்று திருத்தினான். அம்மா அவனுக்கு ஒற்றை வைப்பர் கதையைச் சொல்ல ஆரம்பித்தார், நாங்கள் கிளம்ப இருட்டிவிட்டது.

சீசன் வந்ததும் உங்கள் எல்லோர் வீட்டுக்கும் மல்கோவா ஒரு பெட்டி வரும். மெக்கானிக் அண்ணாவுக்கு இரண்டு.

இப்படிக்கு,
மண்டிக்காரர் மகன்