சரணம் சொன்ன மறுநாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரைப் பக்கம் பௌத்தம் தழுவ விரும்புவோர் முதலில் கேட்பது சாதிச் சான்றிதழ் போய்விடுமா என்பதைத்தான். அந்தப் பயம் வேண்டாம். 1990-இல் வந்த திருத்தத்தின்படி, பௌத்தராகும் பட்டியல் சாதியினர் அந்தத் தகுதியை இழப்பதில்லை.

தழுவும் முறை எளிது. புத்தம், தம்மம் (அவர் போதனை), சங்கம் (துறவியர் கூட்டம்) மூன்றையும் மும்முறை சரணடைந்து, கொல்லாமை முதலான ஐந்து சீலங்களை, அதாவது ஒழுக்க நெறிகளை, ஏற்க வேண்டும். அம்பேத்கர் வழியில் வருவோர், 1956 அக்டோபரில் நாகபுரியில் அவர் தந்த 22 உறுதிமொழிகளையும் ஏற்கிறார்கள்.

சிரமம் மறுநாள்தான். எடுத்ததுமே ஒரு மணி நேரம் தியானத்தில் உட்கார்ந்து, கால் மரத்து, பத்தாம் நாள் விட்டுவிடுகிறார்கள். தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். ஜமுக்காளத்தை நான்கு விரற்கடை உயரத்துக்கு மடித்து, இடுப்பு முழங்காலைவிட மேலே இருக்கும்படி உட்காருங்கள். மூச்சைக் கவனியுங்கள். மனம் ஓடுவது தோல்வியல்ல. ஓடியதைக் கண்டு திருப்பி அழைப்பதே பயிற்சி. சாப்பிட்ட உடனே உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும்.

பௌர்ணமியில் ஐந்துக்குப் பதில் எட்டு சீலம் கடைப்பிடிப்பது வழக்கம். நண்பகலுக்குப் பின் உணவில்லை. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் இதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டாம்.

குலசாமி கோயில் கிடாவெட்டுதான் பெரிய சோதனை. வரி கேட்கும்போதே, அந்தத் தொகையைத் தண்ணீர்ப்பந்தலுக்குத் தருவதாகப் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். இலையில் உட்கார்ந்த பிறகு மறுத்தால்தான் மனக்கசப்பு.

புத்த பூர்ணிமா எப்போதும் வைகாசியில்தான் வரும் என்றும் இருந்துவிடாதீர்கள். 2025-இல் அழகர் ஆற்றில் இறங்கிய மே 12 அன்றே அது வந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மேலூர்