பெபேவுக்கு வந்த தம்பி

அன்புள்ள ராமு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாய், எல்லாவற்றையும் புதுக் கண்ணால் படித்தேன். ஆமாம், இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. ஒரு மாதம் டிவி பக்கமே போகக்கூடாது என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். கெடு முடிந்த அன்றைக்கே ஒரு பழைய பிரெஞ்சுப் படத்தைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஜாக் பெக்கர் 1954இல் எடுத்த 'துஷே பா ஓ க்ரிஸ்பி'. தங்கக் கட்டிகளைத் திருடிய இரண்டு வயசாளிக் கொள்ளைக்காரர்கள். மாக்ஸாக ழான் கபேன், அவனுடைய கூட்டாளி ரித்தோனாக ரெனே தாரி.

நடுவில் ஒரு காட்சி. மாக்ஸ் தன்னுடைய ரகசிய வீட்டுக்கு ரித்தோனைக் கூட்டி வருகிறான். ரஸ்க்கில் இறைச்சி விழுது தடவி, ஒயின் ஊற்றிக் கொடுக்கிறான். அப்புறம் படுக்க பஜாமாவும், பல் தேய்க்க பிரஷும். ரித்தோன் தனியாகக் கண்ணாடி முன் நின்று தன் முகத்தைத் தடவிப் பார்க்கிறான். துப்பாக்கி இல்லை, வசனம் இல்லை. எனக்கு அந்தப் படத்தில் இதுதான் போதும்.

யார் இந்த தாரி என்று தேடப் போனால், ஆள் ஐந்து வயதிலேயே நட்சத்திரமடா! 1905இல் பாரீஸில் பிறந்தவர், உண்மைப் பெயர் க்ளெமான் மாரி. 1910இல் கோமோன் என்ற படக் கம்பெனியில் லூயி ஃபேயாத் இந்தப் பையனை வைத்து 'பெபே' என்று குட்டிக் குட்டி மௌனப் படங்களாக எடுக்க ஆரம்பித்தார். மூன்று வருஷத்தில் எழுபதுக்கும் மேல். மாதத்துக்கு இரண்டு என்று கணக்கு வைத்துக்கொள், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பான்? ஒன்றின் தலைப்பு 'பெபே புகை பிடிக்கிறான்'. இன்னொன்று 'பெபே அப்பாஷ்'. பாரீஸ் தெரு ரவுடிகளுக்கு அப்போது அதுதான் பெயர். இன்றைக்கு எடுத்தால் அப்பா அம்மா மேல் கேஸ் போட்டுவிடுவார்கள்.

1912இல் 'பெபே ஒரு தம்பியைத் தத்தெடுக்கிறான்' என்று ஒரு படம். தம்பியாக வந்தது ரெனே பொயன், மூன்று வயது இளையவன். பெபேவின் வீட்டார் சம்பளம் கூட்டிக் கேட்டதில் தகராறு என்று சொல்வார்கள். எப்படியோ, சீக்கிரமே அந்தத் தம்பிக்குத் தனித் தொடர் வந்துவிட்டது: 'பூ த ஸான்', அதாவது அதிமதுர மிட்டாய்த் துண்டு. ஃபேயாதின் 'லே வாம்பீர்', 'ஜுதெக்ஸ்' தொடர்களிலும் அவன்தான் வருகிறான். 1913இல் பெபே தொடர் முடிந்தது. எட்டு வயதில் மார்க்கெட் போய்விட்டது! தன்னுடைய இடத்துக்கு வரப்போகிறவனைத் தானே கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்து வந்து நடித்திருக்கிறான் என்பதுதான் என் மனதை விட்டுப் போகவில்லை.

அதன்பிறகு குத்துச்சண்டை போட்டார், பாட்டு பாடினார். முப்பது வயதுக்கு மேல் ரெனே தாரி என்ற பெயரோடு கதாநாயகனாகத் திரும்பி வந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கபேன் அமெரிக்காவுக்குப் போய்விட, கபேன் செய்கிற மாதிரியான வேஷங்கள் இவருக்கு வந்தன. சின்ன வயதில் இவர் இடத்துக்கு ஒருவன் வந்தான், பெரியவரானதும் இவர் இன்னொருவர் இடத்தில் நின்றார். கபேன் திரும்பி வந்த பிறகு அந்த வாய்ப்புகள் என்ன ஆகியிருக்கும், நீயே யோசித்துக்கொள். அதே கபேன்தான் அந்தப் படத்தில் இவருக்குப் பஜாமா எடுத்துக் கொடுக்கிறார். இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆபரேஷன் செய்த கண் என்று மகளிடம் சமாளித்தேன்.

1965இல் 'பெல்ஃபெகோர்' டிவி தொடரில் போலீஸ் அதிகாரியாக வந்தார், 1974இல் காலமானார்.

சரி, உன் முழங்கால் கொஞ்சம் தேறியதும் வா. மாடி ஏற வேண்டாம், கீழ் அறையைக் காலி செய்துவிட்டேன். பையில் வேட்டி, துண்டு எதுவும் திணிக்காதே. இங்கே இருக்கிறது. பிரஷ்கூடப் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

உன்,
கணேசன்